டீச்சருக்குச் சிலை வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகு

சமூகநீதிக்காக உழைத்த ஓர் ஆசிரியர் இறந்துபோனால் முதல் வாரத்தில் நடப்பது எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஃப்ளெக்ஸ், வாட்ஸ்அப்பில் பழைய குரூப் ஃபோட்டோ, காரியம் முடிந்ததும் படத்திறப்பு. துக்கத்துக்கு இதெல்லாம் வேண்டும்தான். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் அவசரமாக எடுக்கிற முடிவுகள்தான், பத்து வருடம் கழித்து அவர் பெயர் எங்கே, எதற்காகச் சொல்லப்படும் என்பதை முடிவு செய்கின்றன. எங்கள் கணக்கு டீச்சர் இறந்த பிறகு முன்னாள் மாணவர்கள் சேர்ந்து செய்ததை இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதற்காகத்தான்.

டீச்சர் வட மாவட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தவர், கடைசி வருடங்களில் தலைமையாசிரியர். எங்கள் பள்ளிக்கு ஊரிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள், காலனியிலிருந்தும் வருவார்கள், ஏரிக்கரையில் இருக்கும் இருளர் குடியிருப்பிலிருந்தும் வருவார்கள். மூன்று இடத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருவது என்பது தானாக நடக்கிற விஷயம் இல்லை என்று அந்தப் பக்கம் படித்தவர்களுக்குத் தெரியும். டீச்சர் வகுப்பில் அகர வரிசைப்படிதான் இடம், அதுவும் வாரம் ஒருமுறை வரிசை நகரும். வகுப்பைப் பெருக்குவதற்கு ஒரு முறைப்பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும், அதில் அவர் பெயரும் உண்டு. அவர் முறை வரும் நாளில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவரே பெருக்குவார். "எங்க பையன் எதுக்குப் பெருக்கணும்" என்று கேட்டு வந்த ஊர்க்காரர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். உதவித்தொகை விண்ணப்பம் வந்தால் பல வகுப்புகளில் என்ன நடக்கும்? "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திருங்க" என்று ஒரு குரல் வரும். எழுந்து நிற்கிற அந்த அரை நிமிடம் ஒரு பிள்ளைக்கு எத்தனை வருடம் மனதில் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. டீச்சர் அப்படி ஒருநாளும் எழுப்பியதில்லை. சின்னத் துண்டுச் சீட்டுகளை நாலாக மடித்து வகுப்பில் இருக்கிற எல்லாருக்கும் கொடுப்பார். சிலர் சீட்டில் "மதியம் ஸ்டாஃப் ரூமுக்கு வா, வருமானச் சான்று கொண்டு வா" என்று இருக்கும். மற்றவர்கள் சீட்டில் ஒரு கணக்குப் புதிர் இருக்கும். யாருக்கு என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது, புதிருக்கு விடை கண்டுபிடிக்கிற கூச்சலில் யாரும் கேட்கவும் மாட்டார்கள். உதவி போய்ச் சேர வேண்டும், அது போகிற வழியில் பிள்ளை கூனிக் குறுகக் கூடாது. அவர் செய்த எல்லாவற்றிலும் இந்த இரண்டும் சேர்ந்தே இருந்தன.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே சாதி வன்மத்தில் வீடு புகுந்து வெட்டிய பிறகு, தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை வைத்து ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில் இருந்த பரிந்துரைகள் நினைவிருக்கும்: அகர வரிசையில் இருக்கை, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, சாதியைக் காட்டும் கயிறும் பொட்டும் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது. அதைப் படித்தபோது எங்கள் குழுவில் பல பேர் டீச்சரைத்தான் நினைத்தோம். யாரும் கேட்காத காலத்தில், தன் கையில் இருந்த ஒரு வகுப்பறைக்குள், இதில் பாதியை அவர் செய்து முடித்திருந்தார்.

சரி, படத்திறப்புக்கு வருகிறேன். அங்கேதான் யோசனைகள் குவிந்தன. பள்ளி வாசலில் மார்பளவுச் சிலை, ஊர் எல்லையில் நுழைவு வளைவு, பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுப்பவருக்கு ஆண்டுதோறும் பரிசு. எல்லாம் அன்பில் சொன்னவைதான். அதோடு, டீச்சர் பிறந்த சாதியின் சங்கத்திலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். "எங்கள் சமுதாயத்தின் பெருமை" என்று அடித்த ஃப்ளெக்ஸ் தயாராக இருக்கிறது, செலவு முழுக்க எங்களுடையது என்றார்கள். சாதிச் சங்கக் கூட்டம் எதற்கும் வாழ்நாளில் போகாத ஒருவரை, இறந்த பத்தாம் நாளில் சங்கம் எடுத்துக்கொள்ளப் பார்த்தது.

அதைத் தடுத்தது டீச்சரின் மகள். சண்டை போடவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, அப்பாவிடமும் கையெழுத்து வாங்கி, எல்லாருக்கும் நகல் கொடுத்தார்: அம்மா பெயருக்குப் பின்னால் சாதி வரக் கூடாது, எந்தச் சங்கத்தின் கொடியோ சின்னமோ கட்சி வண்ணமோ படத்தோடு சேரக் கூடாது, அம்மா பெயரில் பணம் வசூலிப்பதாக இருந்தால் குடும்பத்தின் எழுத்து ஒப்புதல் வேண்டும். நான் இதிலிருந்து மற்றவர்களுக்குச் சொல்வது, இந்தத் தாளை முதல் வாரத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல்லுக்கு மரியாதை தராதவர்கள்கூட கையெழுத்தைப் பார்த்தால் தயங்குகிறார்கள். பிறகு தேர்தல் நேரத்தில் வேறு ஒரு தரப்பு வந்து கேட்டபோதும் அதே தாளின் நகலைக் கொடுத்து அனுப்பினோம், பேச்சு வளரவில்லை.

சிலையை ஏன் விட்டோம் என்று கேட்டால், ஒன்று, அரசுப் பள்ளி வளாகத்தில் வைக்க அனுமதி வாங்க அலைய வேண்டும். அதைவிட முக்கியம், அம்பேத்கர் சிலையையே கம்பிக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிற ஊர்கள் நம் மாநிலத்தில் எத்தனையோ. சிலை வைத்தால் அதைக் காப்பதே நம் வேலையாகிவிடும். நுழைவு வளைவு பற்றி விவாதமே நடக்கவில்லை.

முதல் மதிப்பெண் பரிசைப் பற்றித்தான் நிறையப் பேசினோம். ஒரு முன்னாள் மாணவர் 50,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். வைப்பு நிதியில் போட்டால் 7 சதவீத வட்டிக்கு வருடத்துக்கு 3,500 வரும். அதை யாருக்குக் கொடுப்பது? முதல் மதிப்பெண் எடுக்கிற பிள்ளை பெரும்பாலும் டியூஷன் போகிற பிள்ளை, வீட்டில் படித்தவர்கள் இருக்கிற பிள்ளை. அந்தப் பிள்ளைக்குப் பரிசு கொடுக்க ஊரில் ஏற்கெனவே நாலு சங்கம் இருக்கிறது. டீச்சர் தன் சம்பளத்தில் செலவு செய்தது வேறு பிள்ளைகளுக்கு. அப்போதுதான் மகள், அம்மா வைத்திருந்த ஒரு நோட்டை எடுத்து வந்து காட்டினார்.

நீளமான கணக்கு நோட்டு, காக்கி அட்டை. ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து ஐந்து பத்தி பிரித்திருந்தார்: பெயர், வீடு எங்கே, என்ன பேப்பர் இல்லை, இப்போது யாரிடம் நிற்கிறது, அடுத்து எப்போது கேட்க வேண்டும். சாதிக்கு என்று தனிப் பத்தி கிடையாது. ஓரத்தில் பென்சிலில் குறிப்புகள். "தை பிறந்ததும் சூளைக்குப் போவார்கள். ஆனியில் வருவான். பெயரை அடிக்கக் கூடாது." "பலகை தெரியவில்லை. முன்னால் உட்கார வை, காரணம் சொல்லாதே." "அப்பா கையெழுத்துப் போடக் கூச்சப்படுகிறார். கைநாட்டு போதும் என்று ஆபீசில் முன்பே சொல்லிவிடு." வேலை முடிந்த பெயர்களுக்கு எதிரில் பச்சை மையில் ஒரு டிக். டிக் விழாத பெயர்கள் அடுத்த வருடப் பக்கத்துக்கு மறுபடி எழுதப்பட்டிருந்தன, சில பெயர்கள் நாலைந்து வருடம் தொடர்ந்து.

அந்த நோட்டைப் பார்த்த பிறகு சிலை, பரிசு எல்லாம் தானாக விலகிவிட்டன. ஒருவர் செய்துகொண்டிருந்த வேலைகளை எழுதி, எதை இப்போது யாரும் செய்யவில்லை என்று பார்த்து, அதை யார் எடுத்துக்கொள்வது என்று பெயர் போட்டுப் பிரித்துக்கொள்வதுதான் நினைவேந்தல் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது அன்றைக்குத்தான். யாராவது உங்களிடம் "அவருக்கு என்ன செய்யலாம்" என்று கேட்டால், "அவர் போனதால் எது நின்றுபோயிருக்கிறது" என்று திருப்பிக் கேளுங்கள், பாதி வழி தெரிந்துவிடும்.

நோட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் உண்டு. நினைவு மலரில் அந்தப் பக்கங்களை ஃபோட்டோ எடுத்துப் போடலாம் என்று சிலர் ஆர்வமாகக் கேட்டார்கள், பார்ப்பவர்கள் நெகிழ்ந்துபோவார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அதில் இருப்பது உயிரோடு இருக்கிறவர்களின் வீட்டு விவரம். யார் அப்பா குடித்தார், யார் அம்மா வீட்டை விட்டுப் போனார், யாருக்கு என்ன நோய் என்று ஒரு ஆசிரியரை நம்பிச் சொன்னது. துண்டுச் சீட்டை மடித்துக் கொடுத்தவரின் நோட்டை விரித்துப் போடுவது அவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது. அது மகளிடமே இருக்கிறது, நாங்கள் எடுத்துக்கொண்டது ஐந்து பத்திகளின் தலைப்பை மட்டும். மாணவர்கள் எழுதிய கடிதங்களுக்கும் இதே விதி, எழுதியவரைத் தேடிப் பிடித்துக் கேட்காமல் ஒரு வரிகூட வெளியிடுவதில்லை.

வேலையில் பெரிய பகுதி சான்றிதழ். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது அலுப்பான காகித வேலையாகத் தெரியும், அந்தக் காகிதம் இல்லாமல் படிப்பு எங்கே நின்றுபோகிறது என்று பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் சாதிச் சான்றிதழை வட்டாட்சியரே கொடுத்துவிடலாம், ஆனால் பழங்குடியினர் சான்றிதழ் என்றால் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் கொடுக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் வந்துவிடாது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படிப்படியாக விசாரணை மேலே போக வேண்டும். "அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்கா" என்பதுதான் முதல் கேள்வி. தலைமுறை தலைமுறையாக ஏரிக்கரையிலும் மாந்தோப்பிலும் குடிசை போட்டு இருந்தவர்களிடம் அது எப்படி இருக்கும்? இருளர்கள் மத்திய அரசின் பட்டியலிலேயே மிகவும் பாதிக்கப்படக்கூடிய பழங்குடிகளில் ஒன்றாக இருக்கிறவர்கள், ஆனால் அவர்கள் இருளர்கள்தான் என்று நிரூபிக்கிற பாரம் பிள்ளை மேல் விழுகிறது.

இதில் நாங்கள் டீச்சரிடமிருந்து எடுத்துக்கொண்டு இன்றுவரை செய்கிற சிலவற்றைச் சொல்கிறேன். ரத்த உறவில் யாருக்காவது, வேறு ஊரில் இருந்தாலும், சான்றிதழ் கிடைத்திருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும், ஒரு சித்தப்பாவின் நகல் கிடைத்தால் ஒரு குடும்பமே வெளியே வரும். ஒரு பிள்ளைக்காகத் தனியாகப் போகாமல் குடியிருப்பு முழுவதற்கும் சேர்த்து நேரில் வந்து விசாரிக்கும்படி மனுக் கொடுத்தால் அதிகாரிக்கும் ஒரே பயணத்தில் முடியும். விண்ணப்ப எண்ணை எழுதி வைக்காமல் அலுவலகத்திலிருந்து வரவே கூடாது. "முடியாது" என்று வாயால் சொன்னால், "சரிங்க சார், காரணத்தை எழுத்தில் கொடுத்துடுங்க" என்று பணிவாகக் கேட்க வேண்டும். குரலை உயர்த்தாமல் கேட்கிற அந்த ஒரு வரிக்கு இருக்கிற பலம் வேறு எதற்கும் இல்லை. எல்லாவற்றையும்விட, கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு அப்பா வருவது என்றால் அவருக்கு அன்றைய கூலி போகும், பஸ் செலவு ஆகும், சாப்பாடு வெளியில். மூன்றாவது முறை வரச் சொன்னால் அவர் வரமாட்டார், பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லை என்று அவர் மேல் பழி வேறு. அந்த 50,000 ரூபாய் இப்போது இதற்குத்தான் போகிறது: ஒருநாள் கூலி, பஸ், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ. பரிசு கொடுக்கிற மேடை இதில் இல்லை, கைதட்டலும் இல்லை. பணம் கொடுத்த அண்ணன் இதைக் கேட்டதும் உடனே சம்மதித்தார் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

பெயர் எழுத்துப் பிழை இன்னொரு பெரிய தலைவலி. ஆதாரில் ஒரு இனிஷியல், வங்கிப் பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக, பள்ளிப் பதிவேட்டில் வீட்டில் கூப்பிடுகிற பெயர். இந்த மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் உதவித்தொகை கணக்கில் விழாது. பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போவதற்கு முன்னாலேயே, முடிந்தால் எட்டாம் வகுப்பிலேயே, இதைச் சரிசெய்துவிட வேண்டும், மதிப்பெண் சான்றிதழில் தவறு ஏறிவிட்டால் பிறகு மாற்றுவதற்குள் கல்லூரிச் சேர்க்கையே முடிந்துவிடும். எட்டாம் வகுப்பு என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மத்திய அரசின் உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வு அப்போதுதான் வருகிறது, தேறினால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கூலி வேலை செய்கிற குடும்பத்துக்கு அந்தத் தொகை, பெண் பிள்ளையைப் பத்தாவதோடு நிறுத்தாமல் இருப்பதற்குப் போதுமான காரணமாகிவிடும். கல்லூரிக்குப் போகும்போது முதல் பட்டதாரி சான்று, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, பெண் என்றால் புதுமைப்பெண், ஆண் என்றால் தமிழ்ப்புதல்வன், மாதம் 1,000. முதல் பட்டதாரி சலுகை குடும்பத்தில் ஒருவருக்குத்தான், அதுவும் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டு வந்து கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது. இதைப் பிள்ளையின் வீட்டுக்கு மே மாதத்திலேயே போய்ச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

செங்கல் சூளைக்குப் போகிற பிள்ளைகளின் கதை தனி. பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு முன்பணம் வாங்கிக்கொண்டு போனால் மழை வந்த பிறகுதான் ஊர் திரும்புவார்கள். நீள் விடுப்பு என்று பெயரை அடித்துவிட்டால் அந்தப் பிள்ளை அதோடு வெளியே. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதில் நான்காம் பிரிவு வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது, ஐந்தாம் பிரிவு மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது, பதினாலாம் பிரிவு வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்கிறது. இந்த மூன்று பிரிவுகளையும் தமிழில் ஒரே பக்கத்தில் அடித்து வைத்திருக்கிறோம். சூளைக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கு அதை எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சுமுகமாக நடக்கிறது, பெரும்பாலான தலைமையாசிரியர்கள் நல்லவர்கள்தான், மேலிடத்தில் கேட்டால் காட்ட அவர்களுக்கும் ஒரு காகிதம் வேண்டும். முன்பணத்தைக் காரணம் காட்டிக் குடும்பத்தை வெளியே விடாமல் வைத்திருப்பது தெரிந்தால் அது பள்ளி விஷயத்தைத் தாண்டியது, 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இருக்கிறது, கோட்டாட்சியரிடம்தான் போக வேண்டும். அங்கே முன்னாள் மாணவர் குழு தனியாகக் குதிக்காமல், பழங்குடியினருக்காக அந்தப் பகுதியில் ஏற்கெனவே வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து போவதுதான் குடும்பத்துக்குப் பாதுகாப்பு.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சலுகைகளும் டீச்சர் நோட்டில் இருந்தன. பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு என்று இருப்பது பல பெற்றோருக்குத் தெரியாது. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையை "மக்கு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு நெருங்கியபின் ஓடினால் கிடைக்காது. இப்போது இந்தப் பொறுப்பு எங்களில் செவிலியராக இருக்கும் ஒரு அக்காவிடம்.

கூட்டம் எங்கே போடுவது என்பது சின்ன விஷயம் மாதிரி தெரியும், அதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. படத்திறப்பு ஊருக்குள் கல்யாண மண்டபத்தில் நடந்தது, காலனியிலிருந்து வந்தவர்கள் வாசலுக்குப் பக்கத்தில் நின்றார்கள், ஏரிக்கரையிலிருந்து யாரும் வரவில்லை. அடுத்த கூட்டத்தை ஏரிக்கரையில் வேப்பமரத்தடியில் வைத்தோம். நாற்காலி கிடையாது, எல்லாருக்கும் பாய். ஞாயிற்றுக்கிழமை, அதுவும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், ஏனென்றால் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் நேரம். ஊர்க்காரர்கள் சிலர் வரவில்லை. வந்தவர்கள் அங்கே சமைத்ததைச் சாப்பிட்டார்கள். டீச்சர் கைதூக்கிவிட்ட பிள்ளைகளில் பெரும்பாலானோர் வாட்ஸ்அப் குரூப்பிலேயே இல்லை என்று தெரிந்ததும் அங்கேதான். குரூப்பில் இருந்தவர்கள் எல்லாம் என்னை மாதிரி படித்து வேலைக்குப் போய் ஊரை விட்டு வந்தவர்கள். குரூப்பிலேயே வாக்கெடுத்து முடிவு செய்திருந்தால் சிலைதான் ஜெயித்திருக்கும்.

நாளையும் மாற்றினோம். நினைவு நாள் டிசம்பரில் வருகிறது, அரையாண்டுத் தேர்வு நேரம், யாருக்கும் பயனில்லை. மே கடைசியில், பள்ளி திறப்பதற்கு முன்னால், சேர்க்கையும் சான்றிதழும் சூடாக இருக்கிற சமயத்தில் கூடுகிறோம். படத்துக்கு மாலை போட்டுவிட்டு உடனே மேசை போட்டு விண்ணப்பம் எழுத உட்கார்ந்துவிடுவோம். பேச்சு அரை மணி நேரத்துக்கு மேல் போகாது.

நினைவுகளைச் சேகரித்தபோது ஒன்றை வற்புறுத்தினேன், அவரைப் பற்றிய மனக்குறைகளையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்பதாவதோடு நின்றுபோன ஒருவர் சொன்னார், "டீச்சர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாங்க, நல்ல மனசு, ஆனா தெருவுல எல்லார் முன்னாடியும் எங்க அப்பாவைத் திட்டிட்டாங்க, அதுக்கப்புறம் அவரு என்னை அனுப்பவே இல்ல." இதை மலரில் போடக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். அவர் பெயர் இல்லாமல், அவர் சம்மதத்தோடு போட்டோம். டீச்சரின் வேலையைத் தொடர்கிறவர்களுக்கு மலரில் மிகவும் பயன்பட்ட பக்கம் அதுதான். பெற்றோரிடம் தனியாகத்தான் பேச வேண்டும் என்பது இப்போது எங்கள் எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது. குறையே இல்லாத மனிதராக அவரை நிறுத்தினால், அவர் செய்ததை நம்மாலும் செய்ய முடியும் என்ற எண்ணம் இளையவர்களுக்கு வரவே வராது.

அறக்கட்டளை பதிவு செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: உடனே வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவது எளிது, அதற்குப் பிறகு வருடா வருடம் கணக்கு, வருமான வரித் தாக்கல், வரிவிலக்குப் பதிவு, நன்கொடையாளர் வரிச்சலுகைக்கான பதிவு என்று ஒரு ஆள் முழுநேரமாக அதைப் பார்க்க வேண்டும். சங்கமாகப் பதிந்தால் குறைந்தது ஏழு பேர், பொதுக்குழு, தேர்தல், அப்புறம் யார் தலைவர் என்ற போட்டி. இரண்டு வருடம் வேலை செய்து பாருங்கள், பணம் உண்மையிலேயே பெருகினால் அப்போது பதியலாம். நாங்கள் இன்னும் பதியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திடும் வங்கிக் கணக்கு, மாதாமாதம் குரூப்பில் வரவு செலவு, அவ்வளவுதான்.

பள்ளிக்குள் போகும்போது அடக்கம் வேண்டும். இப்போது இருக்கிற தலைமையாசிரியருக்கு, எப்போது பார்த்தாலும் "எங்க டீச்சர் இருந்தப்போ" என்று ஆரம்பிக்கிற கூட்டம் பெரிய தொல்லை. நாங்கள் வெளியிலிருந்து உத்தரவு போடாமல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத்தான் பேசுகிறோம். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு உரிய பங்கு வேண்டும். 2024-ல் தமிழ்நாட்டில் குழுக்களை மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. அந்த இடத்துக்கு எங்களில் வெளியூரில் இருக்கிற பெரிய வேலைக்காரர் யாரும் போகவில்லை, ஊரிலேயே இருக்கும் ஒரு தம்பியைத்தான் நிறுத்தினோம், கொத்தனார் வேலை செய்கிறவர், கூட்டத்துக்குத் தவறாமல் போகிறவர்.

2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி வே. வசந்தி தேவி அம்மா மறைந்தபோது இந்த யோசனைகள் எல்லாம் எனக்குத் திரும்பவும் வந்தன. 1992 முதல் 1998 வரை மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தர், பிறகு மாநில மகளிர் ஆணையத் தலைவர், கடைசிவரை அரசுப் பள்ளிக்காகப் பேசியவர். அவ்வளவு பெரிய பொறுப்புகளில் இருந்துவிட்டு அவர் வந்து நின்ற இடம், பள்ளியை அந்த ஊர்ப் பெற்றோர் கையில் எடுக்க வேண்டும் என்பது. சுவாமி சகஜானந்தரை நினைத்துக்கொள்கிறேன், 1916-ல் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பெயரில் அவர் தொடங்கிய பள்ளி, 1959-ல் அவர் இறந்து இத்தனை காலம் கழித்தும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. எங்கள் டீச்சர் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. ஐந்து பத்தி உள்ள ஒரு நோட்டை ஒழுங்காக எழுதியவர். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட ஆசிரியர்கள் ஊருக்கு ஒருவராவது இருந்திருப்பார்கள், அவர்கள் நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போவதற்குள் யாராவது கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது எங்கள் புது நோட்டை எழுதுகிறவர் ஏரிக்கரையைச் சேர்ந்த ஒரு பெண், அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. மே மாதக் கூட்டத்தில் அவரை மேடையேற்றிப் பேசச் சொல்லிப் பலர் கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதை மதிக்கிறோம். டீச்சர் வழக்கத்தில் ஒன்றை அவர் மாற்றியிருக்கிறார். பிள்ளை சூளைக்குப் போன பிறகுதான் டீச்சர் தேடிப் போவார். இவர் மார்கழியிலேயே, முன்பணம் வாங்கியதும், எந்த ஊர்ச் சூளை என்று விசாரித்து அந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியருக்கு இங்கிருந்து கடிதம் வாங்கிப் பெற்றோர் கையில் கொடுத்துவிடலாம் என்கிறார். போகிற இடத்தில் பிள்ளை முதல் நாளே பள்ளிக்குப் போகும், இங்கே பெயரும் அடிபடாது. மேலாண்மைக் குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கக் கொத்தனார் தம்பியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கடிதத்தில் சாதி, குடியிருப்பு எதுவும் வராமல் வாசகத்தை அமைத்தவரும் அந்தப் பெண்தான்.